நோட்டு ஓரத்தில் ஒரு துண்டு

போன மாதம் இசக்கி எனக்குத் தபாலில் ஒரு சிறிய புத்தகம் அனுப்பியிருந்தான். இசக்கி என்னிடம் சுருக்கெழுத்து வேலை பழகியவன். இப்போது அவனும் ஓய்வு பெற்று, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே வீடெல்லாம் தேடுகிற வயதுக்கு வந்துவிட்டான். அவன் அனுப்பிய புத்தகம் சுடலைமுத்துவின் ‘மடைப் பேச்சு’.

எங்கள் சங்கரன்கோவில் வட்டாரத்தில் நரைத்த தலைகளிடம் கேட்டால் அந்தப் பேச்சைப் பற்றிச் சொல்வார்கள். எழுபதுகளின் பிற்பாதியில் ஒரு தை மாதம், தேரடிப் பக்கம், மேலநீலிதநல்லூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் ஐம்பது நிமிஷம் பேசினார். அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்துக் குளங்கள் சிலவற்றில், யார் வயலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று எழுதி மடையில் ஒட்டுகிற வழக்கம் வந்தது. பெரிய ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயம். தண்ணீருக்காக வரப்பில் நின்று வெட்டிக்கொண்டவர்களுக்குச் சரித்திரம்.

புத்தகத்தின் கடைசியில் ஒரு பேராசிரியர் அந்தப் பேச்சின் உத்திகளை ஆராய்ந்திருந்தார். அடுக்கிச் சொல்லுதல், கேள்வி கேட்டுக் கூட்டத்தையே பதில் சொல்ல வைத்தல், புகழ்வதுபோல் இகழ்தல் என்று இருபத்தொன்று எண்ணியிருந்தார். நல்ல உழைப்பு. தலையாட்டிக்கொண்டே படித்து வந்தேன். பதினேழாவதில் கண் நின்றுவிட்டது. ‘நேரடிக் கட்டளை’ என்று தலைப்புப் போட்டு, அதற்கு எடுத்துக்காட்டாக இந்த வரியைக் கொடுத்திருந்தார்: “ஏலே, மடையை உடைங்கலே! தடுக்க வாறவன் காலை ஒடிங்கலே!”

குடித்துக்கொண்டிருந்த காப்பியைக் கீழே வைத்தேன். உடனே இசக்கிக்குப் போன் போட்டேன்.

“ஏலே இசக்கி, இந்தப் பேராசிரியரு அன்னைக்குக் கூட்டத்துல இருந்தாராலே?”

“அவரு அப்பம் பொறந்தே இருக்க மாட்டாரு அண்ணாச்சி. எழுத்துல இருக்கதை வச்சு எழுதியிருக்காரு.”

“எவன் எழுத்துல?”

இசக்கி பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னான்: “நாப்பதாம் பக்கம் கீழ பாருங்க. உங்க கையெழுத்துத்தான் அச்சுல இருக்கு.”

பார்த்தேன். என் கையெழுத்துத்தான். ‘நேரில் கேட்டு எழுதியதன் உண்மைப் பெயர்ப்பு. சங்கரலிங்கம், சுருக்கெழுத்தர்.’ பேராசிரியர் மேல் கோபப்படுகிற வழியும் அடைபட்டுப் போயிற்று. இசக்கிதான், “நடந்ததை நீங்களே எழுதிக் குடுங்க, அடுத்த பதிப்புல சேக்கச் சொல்லுதேன்” என்றான். அதனால் எழுதுகிறேன்.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பொதுக்கூட்டங்களில் மேடைக்குப் பக்கத்தில் ஒரு தகர நாற்காலியில் உட்கார்ந்து, பேசுகிறவர் பேசுவதை ஒரு சொல் விடாமல் சுருக்கெழுத்தில் எடுப்பது, மறுநாள் அதை முழு எழுத்தில் எழுதிக் கொடுப்பது. இந்த முழு எழுத்துப் பிரதிக்கு எங்களுக்குள் ‘பெயர்ப்பு’ என்று பேர். அரசாங்கத்துக்கு யார் எங்கே என்ன பேசினார்கள் என்று தெரிய வேண்டும், அதற்கு நாங்கள். தட்டச்சும் சுருக்கெழுத்தும் உயர்நிலை தேறி, இரண்டு வருஷம் வெளியூரில் பழகி, சங்கரன்கோவிலில் மாடியில் இரண்டு அறை கொண்ட ஒரு ஆபீசுக்கு வந்து சேர்ந்தேன். அங்கேதான் என் மேலதிகாரி காந்திமதிநாதன் சார் இருந்தார்.

பாளையங்கோட்டைக்காரர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பென்சில். அந்தப் பென்சிலைத் தவிர அவரிடம் வேறு நிறமே கிடையாது. சிரித்து நான் பார்த்ததில்லை. முதல் நாளே என்னை உட்கார வைத்து விதிகளைச் சொன்னார். பென்சில் நாலு, இரண்டு முனையும் சீவியிருக்க வேண்டும். ஒவ்வொரு பக்கம் தொடங்கும்போதும் கடிகாரத்தைப் பார்த்து நேரம் போட வேண்டும். கூட்டத்தார் கொடுக்கிற கலரோ சோடாவோ குடிக்கக் கூடாது. கைதட்டக் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னார்.

“சிரிப்பு வந்தா நாக்கைக் கடிச்சுக்கிடும்வே. கூட்டம் சிரிச்சிதுன்னும் எழுதாதேயும். பேசினவன் அழுதான், ஆடினான், கையைக் காலை ஆட்டினான்னு ஒண்ணும் வேண்டாம். சொல்லு மட்டும்.”

“ஏன் சார்?”

“சிரிச்சான்னு எழுதினா ஏன் சிரிச்சான்னு கேப்பான். உமக்குத் தெரியுமா? உம்ம யோசனை நோட்டுக்குள்ள வரப்படாது. நீரு காது. அம்புட்டுத்தான்.”

விதி நியாயமானதுதான். ஆனால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்து ஒட்டிக்கொண்டது. மாதத்தில் இருபது கூட்டம் கேட்கிறவனுக்குப் பேச்சின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போகுமா? ஒருவர் மூன்று படி ஏறி நாலாவது படியில் கைதட்டல் வாங்குவார். இன்னொருவர் பேச்சை நிறுத்தி, துண்டால் முகத்தைத் துடைத்து, கூட்டத்தைக் காக்க வைத்து அடிப்பார். எனக்கு இதெல்லாம் பார்க்கப் பார்க்கத் தித்திப்பு. கை தன்பாட்டுக்குச் சொல்லை எழுதும். சும்மா கிடக்கிற மூளை ஓரத்தில் குறி போடும். ஏணி மாதிரி மூன்று கோடு போட்டால் அடுக்கு. புள்ளி வட்டம் என்றால் சிரிப்பு. ஒரு சின்ன மடிப்புக் கொக்கி போட்டால், ‘ஆள் மாறுகிறது’ என்று பொருள். அதாவது பேசுகிறவர் இப்போது அவராகப் பேசவில்லை, வேறு ஒருவராக நடிக்கிறார்.

இந்தக் கொக்கிக்கு நான் வைத்த பேர் துண்டு. ஏனென்றால் அந்தக் காலத்து மேடைப் பேச்சாளர்கள் ஆள் மாறும்போது பெரும்பாலும் தோள் துண்டைத்தான் ஏதாவது செய்வார்கள். இடுப்பில் கட்டுவார்கள், தலையில் போடுவார்கள், கக்கத்தில் இடுக்குவார்கள். ‘என்று அவன் சொன்னான்’ என்று வாயால் சொல்லுகிறவன் பள்ளிக்கூட வாத்தியார். மேடைக்காரன் துண்டால் சொல்லுவான்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை பத்து மணிக்குக் காந்திமதிநாதன் சார் மேசையில் நோட்டை வைக்க வேண்டும். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டுவார். பக்க எண் சரியா, நேரம் விட்டுப் போயிருக்கிறதா என்று பார்ப்பார். ஓரத்தில் என் குறி கண்ணில் பட்டதும் பையிலிருந்து சிவப்புப் பென்சில் வரும். குறியைச் சுற்றி ஒரு வட்டம். கீழே ‘கூடாது’. அதற்கும் கீழே சுருக்கொப்பம், தேதி. பிறகு சரிபார்ப்புப் பதிவேட்டில் ஒரு வரி எழுதுவார்: ‘பக்கம் இன்னது, ஓரக்குறி, கண்டிக்கப்பட்டது.’ அந்தப் பதிவேடு பெயர்ப்போடு சேர்ந்து அன்று சாயங்காலமே மேலிடத்துக்குப் போய் முத்திரை வாங்கித் திரும்பும்.

“என்னவே இது, ஏணியும் கொக்கியும்? நோட்டா, கொத்தனார் சாமான் பையா?” என்று ஒரு தடவை கேட்டார். ஒவ்வொன்றும் என்ன என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து அத்தனையையும் சுற்றி வட்டம் போட்டார். ஏழு வருஷம் இப்படியே நடந்தது. நான் குறி போடுவதை நிறுத்தவில்லை, அவர் வட்டம் போடுவதை நிறுத்தவில்லை.

இனி அந்தக் கூட்டம்.

நாலு மணிக்குத் தொடங்கினார்கள். சிவகிரி, புளியங்குடிப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்ததால் கடைசி பஸ்ஸுக்கு முன் முடித்தாக வேண்டும். சுடலைமுத்து கறுத்த ஒல்லி மனிதர். மைக்கைத் தொடவே இல்லை. அது இருக்கிற உயரத்துக்குக் குனிந்து பேசினார்.

“அய்யாமாரே, அக்காமாரே! வானத்தைப் பாத்தோம், வரல. வந்த அன்னைக்குக் குளத்தைப் பாத்தோம், நெறயல. நெறஞ்ச அன்னைக்கு மடையைப் பாத்தோம், மடை நமக்குத் தெறக்கல!”

ஏணி போட்டேன். கைதட்டல் அடங்கக் காத்திருந்து, குரலைத் தாழ்த்தினார்.

“பெரியவுகளைக் குத்தம் சொல்லப்படாது. அவுக நல்லவுக. எம்புட்டு நல்லவுகன்னா, நம்ம பயிரு பச்சத்தண்ணி குடிச்சா சளி புடிச்சிருமேன்னு தண்ணியே விடாம பாத்துக்கிடுதாக!”

நாக்கைக் கடித்துக்கொண்டேன். கூட்டத்தில் ஒரு அம்மாள் சிரித்துச் சிரித்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அந்தப் பெரியவர் யார் என்று சுடலைமுத்து பேர் சொல்லவில்லை. சொல்ல முடியாது. சொன்னால் ஊருக்குத் திரும்பிப் போய் வாழ முடியாது. அந்த ஊர்ப் பெரிய பண்ணையார், முந்தின வருஷம் ஆட்களை விட்டு மடையை உடைத்துத் தன் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோனார் என்பது அங்கே எல்லோரும் பேசிய விஷயம். அதைச் சொல்லவும் வேண்டும், பேர் வரவும் கூடாது. சுடலைமுத்து தோளிலிருந்த துண்டை எடுத்தார். நாலாக மடித்தார். இடது முழங்கையில் தொங்கப் போட்டார். வயிற்றை முன்னால் தள்ளினார். பண்ணையார் துண்டு போடுவது அப்படித்தானாம். கூட்டம் ஓவென்று இரைந்தது. மூக்காலே பேசுகிற குரலில், ஆட்களை ஏவுகிற மாதிரி கையை நீட்டிச் சொன்னார்.

“ஏலே, மடையை உடைங்கலே! தடுக்க வாறவன் காலை ஒடிங்கலே!”

சொல்லி முடித்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தன் சொந்தக் குரலில் கேட்டார்: “இதைப் பாத்துக்கிட்டா இருக்கப் போறோம்?”

கூட்டம், “மாட்டோம்!” என்றது.

துண்டு மடிந்த இடத்தில் ஒரு கொக்கி, துண்டு தோளுக்குப் போன இடத்தில் இன்னொரு கொக்கி. முப்பத்தொன்றாம் பக்கத்தில் ஒன்று, பக்கம் முடிந்து போனதால் முப்பத்திரண்டாம் பக்கத்தில் ஒன்று. பிறகு அவர் யார் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று எழுதி ஒட்ட வேண்டும் என்பதை நீளமாகப் பேசினார். அந்தப் பேச்சின் உயிர் அதுதான்.

மறுநாள் காலை நோட்டை வைத்தேன். சார் புரட்டினார். இரண்டு வட்டம். பதிவேட்டில் ஒரு வரி. நான் உட்கார்ந்து பெயர்ப்பு எழுதினேன். விதிப்படி சொல்லை மட்டும் எழுதினேன். துண்டு இல்லை, வயிறு இல்லை, மூக்குக் குரல் இல்லை. கூட்டத்தின் ‘மாட்டோம்’கூட இல்லை. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அந்த இரண்டு வரி வந்தபோது மனசில் ஏதோ உறுத்தியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பொய். உறுத்தவில்லை. என் எழுத்தின் அழகை நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

காந்திமதிநாதன் சார் படித்துவிட்டு, “சுத்தம்” என்றார். ஏழு வருஷத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த ஒரே பாராட்டு அது. அன்று வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனேன்.

கூட்டம் நடந்த நாலாம் நாள் விடியுமுன் சுடலைமுத்து ஊர்க் குளத்து மடையை யாரோ உடைத்துவிட்டார்கள். தடுக்கப் போன காவல்காரருக்குக் கால் முறிந்தது. காலையில் டீக்கடையில் நிற்கிறேன், ஒருவர் இன்னொருவரிடம் சொல்லுகிறார்.

“சுடலைமுத்தைப் புடிச்சுட்டுப் போய்ட்டாகளாம்.”

“அவரு எதுக்குவே? அவரு ஊர்லயே இல்லையே.”

“அவருதான் உடைங்க, காலை ஒடிங்கன்னு கூட்டத்துல சொன்னாராம். அச்சரம் பெசகாம எழுத்துல இருக்காம்.”

டீயை அப்படியே வைத்துவிட்டு ஆபீசுக்கு ஓடினேன். பெயர்ப்பின் நகலை எடுத்து, அந்தக் கூட்டத்துக்கு வராத ஒருவன் படிப்பதுபோலப் படித்துப் பார்த்தேன். உடையுங்கள், ஒடியுங்கள், இதைப் பார்த்துக்கொண்டா இருக்கப் போகிறோம். சுடலைமுத்து சொல்லாத சொல் ஒன்றுகூட அதில் இல்லை. சுடலைமுத்துவும் அதில் இல்லை. வழக்குப் போட்டவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நான் எழுதிக் கொடுத்ததைப் படித்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

ஜாமீன் கிடைக்கவில்லை. தூண்டிவிட்டதாக வழக்கு. மடையை உடைத்தவர்கள் யார் என்று கடைசிவரை ருசுவாகாததால், தூண்டியவர் என்று சொல்லப்பட்ட ஒருவர் தலையில் அத்தனையும் இறங்கியது. நிரூபணமானால் வருஷக்கணக்கில் உள்ளே. நான்தான் அரசுத் தரப்பு முதல் சாட்சி.

விசாரணைக்கு முந்தின நாள் காந்திமதிநாதன் சார் முன்னால் போய் நின்றேன்.

“சார், அந்த முப்பத்தொண்ணாம் பக்கத்துக் குறி...”

நிமிர்ந்து பார்க்கவில்லை. “என்ன?”

“அதைச் சொன்னா விதியை மீறினேன்னு ஆகும். சரியில்லாத பெயர்ப்புக்கு ‘உண்மை’ன்னு கையெழுத்துப் போட்டேன்னும் ஆகும். வேலை போகும் சார். சொல்லலேன்னா அந்த மனுசன்...”

“கேட்டதுக்குப் பதில் சொல்லும்வே. கேக்காததை நீட்டி முழக்காதேயும். நோட்டுல இருக்கதை இல்லேன்னு மட்டும் சொல்லிராதேயும்.” அவ்வளவுதான். மறுபடி குனிந்துகொண்டார்.

எனக்கு எரிச்சல் வந்தது. தைரியம் சொல்லுவார் என்று போனால் இன்னொரு விதியைச் சொல்லி அனுப்புகிறாரே என்று.

மறுநாள் கோர்ட்டு வராந்தாவில் நிற்கும்போது ஒரு அம்மாள் பக்கத்தில் வந்தார். கூட்டத்தில் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்த அதே அம்மாள். சுடலைமுத்துவின் மனைவி வேலம்மாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

“அண்ணாச்சி, நீங்கதான அன்னைக்கு அங்கன ஒக்காந்து எழுதினது?”

“ஆமா.”

“அவுக பண்ணையாரு மாதிரில்லா பண்ணிக் காட்டினாக. நான் சிரிச்சேனே. நீங்களும் பாத்தீகதானே?”

சாட்சி யாரோடும் பேசக் கூடாது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த அம்மாள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நகர்ந்து தூணோரம் போய் உட்கார்ந்துகொண்டார். என் வாழ்க்கையில் நான் என்னையே வெறுத்த நிமிஷம் அது.

கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் பெயர்ப்பைக் காட்டினார். நான் எழுதியதுதான். கையெழுத்து என்னுடையதுதான். சொன்ன சொல் அத்தனையும் இருக்கிறது. அவர் உட்கார்ந்தார். எதிர் வக்கீல் எழுந்தார். இளவயது, தொண்டை கட்டியிருந்தது. கூட்டத்தைப் பார்த்து ‘அய்யாமாரே’ என்று பேசுகிறவர் திடீரென்று ‘ஏலே’ என்பாரா என்று கேட்டுப் பார்த்தார். மாஜிஸ்திரேட்டு, “உற்சாகத்தில் ஏலே என்று கூப்பிடுகிற தலைவர்கள் உண்டு” என்று ஒரு வரியில் முடித்துவிட்டார். வக்கீல் பேப்பரைப் புரட்டினார். பிறகு கடைசி முயற்சியாக, எனக்கே தெரிகிற மாதிரி இருட்டில் கைவிட்டுத் துழாவினார்.

“பேசியவர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். பேசும்போது என்ன செய்தார் என்பதை எழுதுவீர்களா?”

“எழுதுவதில்லை.”

“பெயர்ப்பில் எழுதுவதில்லை. சரி. உங்கள் சுருக்கெழுத்து நோட்டில்? எங்கேயாவது?”

நோட்டுல இருக்கதை இல்லேன்னு மட்டும் சொல்லிராதேயும்.

“நோட்டில் இருக்கிறது” என்றேன்.

வக்கீலே எதிர்பார்க்கவில்லை. நோட்டை எடுத்துக் கொடுத்தார்கள். முப்பத்தொன்றாம் பக்கத்தைத் திருப்பி, கொக்கியைக் காட்டி, துண்டு, முழங்கை, வயிறு, மூக்குக் குரல் எல்லாவற்றையும் சொன்னேன். முப்பத்திரண்டாம் பக்கத்தில் துண்டு தோளுக்குத் திரும்பிய இடத்தையும் காட்டினேன். இரண்டு கொக்கிக்கும் நடுவில் பேசியது சுடலைமுத்து இல்லை, அவர் நடித்துக் காட்டிய ஆள் என்றேன்.

மாஜிஸ்திரேட்டு பேனாவைக் கீழே வைத்தார்.

“இதைப் பெயர்ப்பில் ஏன் எழுதவில்லை?”

“சொல்லை மட்டும் எழுத வேண்டும் என்பது விதி அய்யா.”

“அப்படியானால் நோட்டில் மட்டும் ஏன் எழுதினீர்?”

“கெட்ட பழக்கம் அய்யா. கண்டித்தும் விடவில்லை.”

“பென்சில் குறி. இதை நேற்றுக்கூடப் போட்டிருக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் மேல் இரக்கப்பட்டு நீர் பிறகு சேர்த்ததில்லை என்று எப்படி நம்புவது?”

ஏழு வருஷமாகத் தினம் தினம் அந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்து, அது என் கண்ணிலேயே படாமல் போயிருந்தது. கண்ணுக்கு முன்னால் வட்டம் இருக்கிறது, அதில் தேதியும் இருக்கிறது, நான் மரம் மாதிரி நிற்கிறேன்.

பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நோட்டைக் காவலில் வைத்திருந்தவர் என்ற முறையில் காந்திமதிநாதன் சாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். கையில் ஒரு மஞ்சள் துணிப்பையோடு எழுந்து நின்றார். மாஜிஸ்திரேட்டு அவரைக் கூண்டுக்கு அழைத்தார்.

“அந்தப் பக்கத்துல ஒரு சிவப்பு வட்டம் இருக்கும் அய்யா” என்றார். ஆபீசில் பேசுகிற அதே குரல். “அது நான் போட்டது. கூட்டத்துக்கு மறுநாள் காலைத் தேதி இருக்கும். குறி இல்லாத வெறும் இடத்தைச் சுத்தி நான் எதுக்கு வட்டம் போடுதேன்?”

“அந்த வட்டத்தையும் பிறகு போட்டிருக்கலாமே?”

துணிப்பையிலிருந்து சரிபார்ப்புப் பதிவேட்டை எடுத்து வைத்தார். ஒரே வரி. ‘பக்கம் 31, 32. ஓரக்குறி, துண்டு. கண்டிக்கப்பட்டது.’ பக்கத்தில் மேலிடத்து முத்திரை. முத்திரைத் தேதி கூட்டத்துக்கு மறுநாள், மடை உடைவதற்கு இரண்டு நாள் முந்தி. பிறகு பையைக் கவிழ்த்தார். என்னுடைய பழைய நோட்டுகள். ஏழு வருஷத்து ஏணியும் கொக்கியும் புள்ளியும், ஒவ்வொன்றைச் சுற்றியும் சிவப்பு வட்டம், ஒவ்வொன்றுக்குக் கீழும் கூடாது, கூடாது, கூடாது. கோர்ட்டுக் குமாஸ்தா பக்கம் புரட்டப் புரட்ட மேசையே சிவந்துபோன மாதிரி இருந்தது.

“இந்தக் குறி எனக்கு ஆகவே ஆகாது அய்யா” என்றார் காந்திமதிநாதன் சார். “ஏழு வருசமாச் சொல்லுதேன், இந்த ஆளு கேக்கல. இவரைக் காப்பாத்த நான் வட்டம் போடல. திருத்தத்தான் போட்டேன். ஆனா குறி அன்னைக்கே இருந்துது. இருந்ததை இருந்துதுன்னுதானே சொல்லணும்?”

மாஜிஸ்திரேட்டு நோட்டையும் பதிவேட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் முகத்தில் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. என் விதிப்படி அதை நான் எழுதக் கூடாது.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு. அந்த வரிகள் குற்றம் சாட்டப்பட்டவரின் சொந்தக் கூற்று அல்ல, பிறர் கூற்றை நடித்துக் காட்டியது என்று சொல்லி விடுதலை செய்தார்கள். தீர்ப்பு வாசித்து முடிந்ததும் நான் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அடக்க முடியவில்லை. மூன்று மாதமாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. அன்று மத்தியானம் ஓட்டலில் நாலு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். பரிமாறியவர் ஒரு மாதிரி பார்த்தார்.

போவதற்கு முன் சுடலைமுத்து என்னிடம் வந்தார். ஜெயிலில் இன்னும் ஒல்லியாகியிருந்தார். பக்கத்தில் வேலம்மாள்.

“அண்ணாச்சி, இனிமே ஒவ்வொண்ணுக்கும் ‘ன்னு அவன் சொன்னான்’னு சேத்துச் சொல்லிருதேன். உங்களுக்கும் சங்கடம் வேண்டாம், எனக்கும் சங்கடம் வேண்டாம்.”

“அப்படிச் சொன்னா ஒருத்தரும் சிரிக்க மாட்டாக” என்றார் வேலம்மாள். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வாங்கிக்கொள்ள நான் தகுதியானவன்தானா என்று தெரியவில்லை, ஆனால் வாங்கிக்கொண்டேன்.

என் வேலைக்கு ஒன்றும் வரவில்லை. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். காந்திமதிநாதன் சார், ‘ஏற்கெனவே பலமுறை கண்டிக்கப்பட்டுள்ளார்’ என்று ஒரு வரி பதில் எழுதினார். ஒரே குற்றத்துக்கு இரண்டு தண்டனை எதற்கு என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். நான் அவருக்கு நன்றி சொல்லப் போனேன். “எதுக்குவே?” என்றார். நிஜமாகவே புரியாதவர்போலக் கேட்டார். திரும்பி வந்தேன்.

இரண்டு மாதம் கழித்து சுடலைமுத்து மறுபடி தேரடியில் பேசினார். என் தகர நாற்காலி அதே இடத்தில். கொடுத்த வாக்குப்படி, முதல் பத்து நிமிஷம் ‘என்று அவர் சொன்னார், என்று இவர் சொன்னார்’ என்று கண்ணும் கருத்துமாகச் சேர்த்துச் சேர்த்துப் பேசினார். கூட்டம் கொட்டாவி விட்டது. பின்னால் இரண்டு பேர் எழுந்து பஸ்ஸுக்குப் போனார்கள். சுடலைமுத்து நிறுத்தினார். என்னைத் திரும்பிப் பார்த்தார். தோளிலிருந்து துண்டை மெதுவாக எடுத்து, நான் பார்க்கிறேனா என்று உறுதி செய்துகொண்டு, நாலாக மடித்து முழங்கையில் போட்டார். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

நான் கொக்கி போட்டேன். மறுநாள் காலை நோட்டைக் கொண்டுபோய் வைத்தேன். காந்திமதிநாதன் சார் புரட்டிக்கொண்டே வந்து அந்தப் பக்கத்தில் நின்றார். சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்தார். சுற்றி வட்டம் போட்டார். கூடாது என்று எழுதினார். சுருக்கொப்பம் இட்டார், தேதி போட்டார். பிறகு, இதுவரை ஒருநாளும் செய்யாத ஒன்றாக, மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தையும் போட்டார்: காலை பத்து ஐந்து.